எனிட்டுக்குக் கால் குளிர்ந்தது

எரிவாயுவில் கை வைக்காத மனிதர் என்று நான் ஊரெல்லாம் சொல்லிப் புகழ்ந்தது ஒரே ஒருவரைத்தான். எங்கள் தெருவில் மூன்று வீடு தள்ளி இருக்கும் வில்ஃப் ஆக்ராய்டை.

என் பெயர் பெர்னி சக்டன். ஹாலிஃபாக்ஸில் முப்பது வருடமாக, வீடுகளைச் சூடாக்கும் எரிவாயு பாய்லர்களைப் பழுது பார்க்கிறேன். கதவைத் திறந்ததும், பொம்பளையை அனுப்பியிருக்கிறார்களே என்று முகம் சுளித்தவர்களை எல்லாம் எப்போதோ மன்னித்துவிட்டேன். மன்னிக்க முடியாதவர்கள் வேறு. சனிக்கிழமை காலையில் கையில் ஸ்பானரும் கைப்பேசியில் ஒரு வீடியோவுமாகப் பாய்லர் மூடியைக் கழற்றுகிறார்களே, அவர்கள். அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரில் காற்று அடைத்துக்கொண்டால் சாவி போட்டுத் திறந்துவிடுங்கள். அழுத்தம் குறைந்தால் தண்ணீர் ஏற்றுங்கள். பனியில் வடிகுழாய் உறைந்துபோனால் வெதுவெதுப்பாகத் தண்ணீர் ஊற்றுங்கள். யார் வேண்டாம் என்றார்கள்? மூடிக்கு உள்ளே இருப்பது என் வேலை, சட்டமும் அதைத்தான் சொல்கிறது. ஆழம் தெரியாமல் காலை விடுகிறவர்கள் சட்டத்தைக் கேட்டுக்கொண்டா விடுகிறார்கள்? ஒருவர் மூடி இடுக்கைக் குளியலறைப் பசையால் அடைத்திருந்தார். இன்னொருவர் குருவி புகுந்துவிடும் என்று புகைக்குழாயின் வாயில் காலுறையைச் சுருட்டித் திணித்திருந்தார். அவர் பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் வேறு.

வில்ஃப் அப்படிப்பட்டவர் இல்லை. நாற்பது வருடம் வீடு வீடாகப் போய்க் கம்பளம் விரித்தவர். சுவரிலிருந்து சுவர் வரை அவர் பொருத்திய கம்பளத்தின் ஓரத்தில் ஒரு தலைமுடி நுழையாது. தன் வீட்டில் அலமாரி, ஓடு, வர்ணம் எல்லாம் அவர் கைவேலைதான். ஆனால் பாய்லர் என்றால் இரண்டடி தள்ளி நிற்பார்.

"கேஸ்ல மட்டும் கை வைக்க மாட்டேன் கண்ணு. என் எல்லை எனக்குத் தெரியும்" என்பார்.

இந்த வாக்கியத்தை நான் எத்தனை வாடிக்கையாளர்களிடம் ஒப்பித்திருப்பேன் என்று கணக்கே இல்லை. எங்கள் தெருவில் ஒருவர் இருக்கிறார், அவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்வேன். அவர் வீட்டுப் பாய்லரை ஒரு தடவைகூட நான் பார்த்ததில்லை. ஓடுகிற பாய்லரை யாராவது கூப்பிட்டுக் காட்டுவார்களா என்பது அவர் எண்ணம். தெருக்காரர் வீட்டில் போய், உங்கள் பாய்லரைப் பார்க்கட்டுமா என்று வேலை கேட்டு நிற்பது எனக்குக் கௌரவக் குறைச்சல். டீ குடிக்கப் போன இடத்தில் பாய்லரைப் பார்க்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் எழுதாத விதி. பார்த்தால் ஏதாவது சொல்ல வேண்டி வரும், சொன்னால் அடுத்த தடவை டீ கிடைக்காது.

அப்படித்தான் எத்தனையோ கிறிஸ்துமஸுக்கு நான் அவர்கள் வீட்டு முன்னறையில் கணப்பின் முன்னால் உட்கார்ந்து வில்ஃப் மனைவி எனிட் சுட்ட இஞ்சிக் கேக்கைத் தின்றேன். கடைசி சில வருடங்களில் திரும்பி வரும்போதெல்லாம் தலை வலிக்கும். எனிட் தாராளமாக ஊற்றிக் கொடுத்த ஷெர்ரி ஒயினைக் குற்றம் சொன்னேன்.

எனிட்டுக்கு அந்தத் தலைவலி தினமும் இருந்தது. குளிர்காலம் தொடங்கினால் சோர்ந்து போவாள். குறுக்கெழுத்துப் புதிரை மடியில் வைத்துக்கொண்டு கணப்பின் முன்னால் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பாள், ஒரு கட்டமும் நிரம்பாது. ஒரு நாள் டீயில் உப்பைப் போட்டாள். இன்னொரு நாள் வில்ஃபை அவருடைய செத்துப்போன அண்ணன் பெயரால் கூப்பிட்டாள். டாக்டர் வயதைக் கேட்டார், எழுபத்து நான்கு என்றதும் தலையை ஆட்டினார். மறதி நோயாக இருக்கலாம், பொறுத்துப் பார்ப்போம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அவர்களுக்கு ஒரே மகள், ஜேனிஸ். கடலோரத்தில் பிரிட்லிங்டனில் இருக்கிறாள். அம்மாவுக்கு இட மாற்றம் நல்லது என்று இரண்டு வாரம் கூட்டிக்கொண்டு போனாள். நாலாவது நாளே எனிட் டாமினோ ஆட்டத்தில் மருமகனைத் தோற்கடித்துவிட்டாள் என்று போன் வந்தது. பேரப்பிள்ளைகளின் பிறந்த நாள்களை வரிசையாகச் சொன்னாளாம். வில்ஃப் அதை என்னிடம் சொல்லும்போது முகமெல்லாம் சிரிப்பு. எனிட் வீடு திரும்பிப் பத்து நாள் ஆனது, பழையபடி மங்கிவிட்டாள். மறுபடி பிரிட்லிங்டன், மறுபடி தெளிவு, திரும்பி வந்தால் மறுபடி மங்கல். மூன்று தடவை இதே கதை.

வில்ஃபுக்கு ஒன்றும் இல்லை. அவர் காலையில் சாப்பிட்டுவிட்டுக் குன்றுச் சரிவில் இருக்கும் தோட்டத்துக்குப் போனால் இருட்டும்போதுதான் வருவார். கண்காட்சிப் போட்டிக்கு வெங்காயம் வளர்க்கிறவர். குழந்தைத் தலை அளவுக்கு வெங்காயம். மழை, பனி எதுவாக இருந்தாலும் அந்தக் கொட்டகையில்தான் இருப்பார்.

மூன்றாவது தடவை எனிட் திரும்பி வந்து மங்கியபோது நான் அந்தக் கொட்டகைக்குப் போயிருந்தேன். வெங்காய விதையைத் தட்டில் தூவிக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னார்.

"என்னை விட்டுப் போனா தெளியறா பெர்னி. என்கிட்ட வந்தா மங்கிப் போறா. கவனிச்சியா?"

எங்கள் ஊரில் யாராவது மனசைத் திறந்தால் உடனே ஒரு கேலியைப் போட்டு மூடிவிடுவது வழக்கம். அப்படியே பழகிவிட்டோம். நானும் யோசிக்கவே இல்லை.

"ஐம்பது வருஷமா உங்க மூஞ்சியையே பாத்துட்டிருந்தா யாருக்குத்தான் மங்காது?" என்றேன்.

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். என் வாயில் அப்போது ஒரு வெந்த உருளைக்கிழங்கு இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த வாரம் வில்ஃப் எனிட்டின் நீலப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவளோடு பேருந்து நிறுத்தத்துக்குப் போனார். கடல் காற்று உடம்புக்கு நல்லது, குளிர் போகட்டும், பிறகு வரலாம் என்று அவளிடம் சொன்னார். காரணத்தைச் சொல்லவில்லை. நான்தான் உனக்கு நோய் என்று எந்தப் புருஷன் பெண்டாட்டியிடம் சொல்வான்? ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு எனிட் போன் செய்வாள். எப்போது வரட்டும் என்று கேட்பாள். வசந்தம் வரட்டும் என்பார். வசந்தம் வந்ததும் ஜன்னலுக்கு வர்ணம் அடிக்கிறேன், நாற்றம் போகட்டும் என்றார். பிறகு மழை, பிறகு மறுபடி குளிர். பிரிட்லிங்டனில் அவள் தெளிவாக இருந்தாள். அந்தத் தெளிவைக் காப்பாற்றத்தான் வில்ஃப் ஒவ்வொரு ஞாயிறும் ஒரு பொய் சொன்னார்.

ஜேனிஸ் இதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். நோயாளி மனைவி சுமை என்று அப்பா கழற்றிவிட்டார் என்று நினைத்தாள். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். இரண்டு வருடம் கழித்து பிப்ரவரியில் எனிட்டுக்கு நுரையீரலில் சளி கட்டி, நாலு நாளில் முடிந்துபோனது. அடக்கம் பிரிட்லிங்டனிலேயே நடந்தது. அன்று ஜேனிஸ் அப்பாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கல்லறை வாசலில் மட்டும், "உங்களுக்கு இப்ப நிம்மதியா?" என்று கேட்டாள். வில்ஃப் தலையைக் குனிந்தபடி என் காருக்கு நடந்தார். அவரைக் காரில் ஹாலிஃபாக்ஸுக்குத் திரும்ப அழைத்து வந்தது நான்தான்.

இந்த நவம்பரில்தான் அவர் என் கதவைத் தட்டினார். முட்டி வலி, தோட்டத்துக்குப் போவதில்லை. இந்த வருடம் வெங்காயம் போடவில்லை. பகல் முழுக்க எனிட்டின் நாற்காலியில், கணப்பின் முன்னால்தான் இருக்கிறாராம். பாய்லருக்குள் எப்போதும் எரிய வேண்டிய சின்னச் சுடர் அடிக்கடி அணைந்துவிடுகிறது, பொத்தானை அழுத்தி மறுபடி ஏற்றிக்கொள்கிறார். "வேற எதையும் தொடல, சத்தியமா" என்றார். தலைவலி வேறு. வார்த்தை மறந்து போகிறது.

"எனிட்டுக்கு வந்ததே எனக்கும் வந்திருக்கு" என்றார். "நியாயம்தானே. நான் குடுத்தது எனக்கே திரும்பி வருது."

வேலைக்குக் கட்டும் கருவி பெல்ட்டைக் கட்டிக்கொண்டு அவரோடு நடந்தேன். அந்த பெல்ட்டில் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி உண்டு. அறைக்காற்றில் கார்பன் மோனாக்சைடு இருந்தால் கத்தும்; மணமில்லாத விஷவாயு அது, கொஞ்சம் கொஞ்சமாகத் தலைவலியும் மறதியும் தரும். டீ குடிக்கப் போகும்போது பெல்ட்டை வீட்டில் கழற்றி வைத்துவிட்டுத்தான் போவேன். அத்தனை வருடத்தில் நான் பெல்ட்டோடு அந்த அறைக்குள் நுழைந்தது அன்றுதான் முதல் தடவை. கதவைத் தாண்டி இரண்டு அடி வைப்பதற்குள் அது கத்தியது.

பாய்லரை அணைத்து, ஜன்னல்களைத் திறந்து, வில்ஃபைத் தோளைப் பிடித்து வெளியே கொண்டுபோய் வாசல் சுவரில் உட்கார வைத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் பார்க்க வேண்டும் என்றேன். நாளைக்குப் போகலாம், முதலில் என்ன என்று பார் என்றார். அவரோடு வாதாடுவதற்குக் கழுதையோடு வாதாடலாம். அரை மணி நேரம் கழித்து அறை தெளிந்த பிறகு அவரையும் கூட்டிக்கொண்டு உள்ளே போனேன்.

அது பழைய வகை. கணப்புக்குப் பின்னால், புகைபோக்கியின் அடியில் மறைவாக இருக்கும் பாய்லர். எரிவதற்கு வேண்டிய காற்றை அறையிலிருந்தே எடுத்துக்கொள்ளும், புகையை மேலே அனுப்பும். ஜன்னல், கதவு எல்லாவற்றையும் சாத்திவிட்டுக் கொஞ்ச நேரம் எரிய விட்டு, ஒரு புகைக்குச்சியைக் கொளுத்திக் கணப்பின் மேல் விளிம்பில் பிடித்தேன். புகை உள்ளே இழுபட வேண்டும். இழுபடவில்லை. சுருண்டு எங்கள் முகத்துக்கு வந்தது. நடைக்கதவைத் திறந்தேன். உடனே புகை சமர்த்தாக உள்ளே போனது. கதவைச் சாத்தினேன். மறுபடி வெளியே வந்தது.

புகைபோக்கியில் அடைப்பு இல்லை, பாய்லரிலும் கோளாறு இல்லை. அதற்கு மூச்சு விட வழி இல்லை, அவ்வளவுதான். இந்த மாதிரி பாய்லர் வைத்த அறையில் காற்று வருவதற்கென்றே ஒரு துளை விட்டிருப்பார்கள். சுவர்களைத் தடவிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. பாய்லரை அணைத்து ஜன்னலைத் திறந்துவிட்டு, இந்த அறையில் எங்கேயாவது ஒரு கம்பி வலைத் துளை இருந்ததா என்று கேட்டேன்.

"ஓ, அதுவா?" என்றார் வில்ஃப்.

முட்டி வலியோடு மண்டியிட்டார். கணப்புக்குப் பக்கத்து மூலையில் கம்பளத்தின் விளிம்பை, கம்பளம் விரித்த காலத்துப் பழைய கொக்கியை வைத்து நெம்பினார். என் நகம்கூட நுழைந்திராது, அவ்வளவு நேர்த்தியான வேலை. கனத்த சிவப்புக் கம்பளம், அதற்கடியில் ரப்பர் விரிப்பு, அதற்கும் அடியில் பலகையோடு பலகையாக ஒரு பித்தளை வலை. கம்பளத்தைத் தூக்கியதும் தரைக்கடியிலிருந்து ஜில்லென்று காற்று அடித்தது.

"இதுலேர்ந்துதான் கண்ணு காத்து வந்துட்டே இருந்துச்சு" என்றார். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "எனிட்டுக்குக் கால் குளிரும். எவ்வளவு காலுறை போட்டாலும் குளிரும். அவளோட எழுபதாவது பொறந்த நாளைக்கு இந்தக் கம்பளத்தை வாங்கி நானே போட்டேன். கதவு இடுக்குக்கும் ரப்பர் பட்டை அடிச்சேன். அதுக்கப்புறம் ஒரு பொட்டுக் காத்து வரல."

அந்தத் துளை எதற்கு என்று அவரிடம் யாரும் எந்தக் காலத்திலும் சொன்னதில்லை. மூடியைக் கழற்றாதே, குழாயைத் தொடாதே என்று நானே ஆயிரம் பேருக்குச் சொல்லியிருக்கிறேன், தரையைப் பார் என்று ஒருவருக்கும் சொன்னதில்லை. ஊருக்கு உபதேசம் செய்துகொண்டு, அந்தக் கம்பளத்தின்மேல் காலை நீட்டி உட்கார்ந்து கேக் தின்றவள் நான்.

சிவப்பு அட்டையை எடுத்தேன். உடனடி ஆபத்து, பயன்படுத்தாதே என்று அச்சடித்தது. மீட்டர் அருகே எரிவாயுவை மூடி, அட்டையைக் கட்டினேன். பிறகு படிவம். காரணம் என்று ஒரு கட்டம் உண்டு, வீட்டுக்காரர் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். பேனாவை வைத்துக்கொண்டு நின்றேன். பாய்லர் பழசாகிவிட்டது என்று எழுதினால் போதும். அதுவும் பொய் இல்லை. கிழவர் புதுசு ஒன்று மாட்டிக்கொள்வார், மிச்சக் காலத்தை ஓட்டிவிடுவார். உண்மையைச் சொன்னால், எனிட்டுக்கு நோய் நான்தான் என்ற பாரம் இறங்கும். இறங்கின கையோடு வேறொன்று ஏறும், அது எவ்வளவு கனம் என்று எனக்குத் தெரிந்தது.

நான் யோசித்து முடிப்பதற்குள் அவரே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். மண்டியிட்டபடியே வலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனிட் இருந்தப்பவும் இது மூடிதான் இருந்துச்சு."

ஆமாம் என்றேன்.

"பிரிட்லிங்டன்ல அவ தெளிஞ்சது…"

"கடல் காத்தால இல்ல வில்ஃப். இந்த ரூமை விட்டுப் போனதால."

"என்னை விட்டுப் போனதால இல்ல."

"இல்ல. உங்களால இல்லவே இல்ல."

அவர் கையில் இருந்த கொக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்போ அவ வீட்டுக்கு வந்திருக்கலாம்" என்றார்.

வந்திருக்கலாம் என்றேன். இந்த மூலையில் ஒரு கை அகலத்துக்குக் கம்பளத்தை வெட்டியிருந்தால் போதும், வந்திருக்கலாம்.

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை கேட்டா பெர்னி. நூறு தடவை கேட்டிருப்பா. நூறு தடவையும் வேணாம்னேன்."

அன்று கொட்டகையில் நான் சொன்னது வெறும் கேலிக்கு என்று சொல்லிப் பார்த்தேன். எனக்குத் தெரியும் கண்ணு என்றார், நீ சொல்லாவிட்டாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன் என்றார். என் மனம் நோகக் கூடாது என்று சொன்ன பொய் அது. அவர் எனிட்டிடம் சொன்ன பொய்யும் இப்படித்தான் இருந்திருக்கும்.

படிவத்தில், தரைக் காற்றுத்துளை கம்பளத்தால் மூடப்பட்டிருந்தது என்று எழுதினேன். வில்ஃப் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "யார் போட்ட கம்பளம்னும் எழுது" என்றார். அதற்கு இங்கே இடம் இல்லை என்றேன். கையெழுத்துப் போட்டார்.

பிறகு ஜேனிஸுக்குப் போன் போடச் சொன்னார். நான் சொன்னால் நம்ப மாட்டாள், நீ சொல், உனக்குத்தான் பாய்லர் தெரியும் என்றார். அவர் காது மந்தம் என்பதால் அந்தப் போனில் பேசுவது அறை முழுக்கக் கேட்கும். நான் அவளிடம் புகைக்குச்சியிலிருந்து கம்பளம் வரை ஒன்று விடாமல் சொன்னேன். அப்பா எதற்காக அம்மாவை அனுப்பினார் என்பதையும் சொன்னேன். அவர் அதைச் சொல்லச் சொல்லவில்லை, ஆனால் நான் சொன்னேன். அப்பாவிடம் கொடுங்கள் என்றாள்.

வில்ஃப் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அம்மா அந்த நீலப் பெட்டியைக் கடைசி வரைக்கும் பிரிச்சு வைக்கவே இல்லப்பா" என்றாள் ஜேனிஸ். "அலமாரியில இடம் ஒழிச்சுக் குடுத்தேன். வேணாம்னுட்டா. வேணுங்கிறதை எடுத்து உடுத்துவா, துவைச்சதும் மடிச்சு அதுக்குள்ளயே வெச்சிருவா. உங்கப்பா வான்னு சொன்னா உடனே கிளம்பணும், துணியைத் தேடிட்டு நிக்க முடியாதுன்னு சொல்வா."

வில்ஃப் ம் என்றார். ஜேனிஸ் அழுதாள், நாளைக்கே வருகிறேன் என்றாள், பெட்டியையும் கொண்டு வருகிறேன் என்றாள்.

பாய்லரை நிறுத்திவிட்டுப் போகும் வீடுகளில் வைப்பதற்கென்று என் வேனில் இரண்டு மின்சார ஹீட்டர்கள் உண்டு. அவற்றை எடுத்து வந்து ஒன்றை அவர் பக்கத்தில் வைத்துப் போட்டுவிட்டேன். வில்ஃப் எட்டி அதை அணைத்தார். எனிட்டின் நாற்காலியைக் கணப்பின் முன்னாலிருந்து அந்த மூலைக்கு நகர்த்திக்கொண்டார். உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார், காலுறையையும் கழற்றினார், இரண்டு பாதங்களையும் அந்தப் பித்தளை வலையின் மேல் வைத்தார்.

கால் விறைத்துப் போகும் வில்ஃப் என்றேன்.

"இவ்வளவுதானா?" என்றார். "அவ இதைத்தானா குளிருதுன்னா?"

நான் ஜன்னலைச் சாத்தினேன். அவர் காலை எடுக்கவில்லை.